தராசும் எண்ணிக்கையும்

சீனாவிடம் 370-க்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள். அமெரிக்காவிடம் 300கூட இல்லை. பிறகும் அமெரிக்கக் கடற்படைதான் முதலிடம் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

தராசுக் கணக்கில்! சீனாவின் எண்ணிக்கையில் கரையோரம் சுற்றும் சிறு கப்பல்களும் கணிசம்; மொத்த எடை போட்டால் அமெரிக்கா இன்னும் வெகுவாக முன்னால் நிற்கிறது. அதனிடம் 11 விமானந்தாங்கிகள், அத்தனையும் அணுசக்தியில் ஓடுபவை, ஒவ்வொன்றும் சுமார் 1 லட்சம் டன். 11-க்குக் குறையக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சீனாவிடம் 3, மூன்றும் எண்ணெயில் ஓடுபவை. அவற்றில் முதலாவதான லியாவோனிங், உக்ரைனில் பாதி கட்டியபடி கிடந்த கூடு. மக்காவில் மிதக்கும் சூதாட்ட விடுதி நடத்தப் போவதாகச் சொல்லி 1998-ல் வாங்கினார்கள். (சூதாட்டம் என்றது பொய்யில்லை, மேசைதான் வேறு.)

'போர் என்று வந்தால் அந்த 11-ம் தைவான் பக்கம் வந்து நிற்குமா?' என்று மடக்குவீர்கள். நிற்காது. பழுதுபார்ப்பு, பயிற்சி போக, ஒரு சமயத்தில் கடலில் இருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதையும் வளைகுடா, மத்தியதரைக் கடல், பசிபிக் என்று பிரித்தாக வேண்டும். சீனாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. கரையிலிருந்து பாயும் ஏவுகணைகளின் துணையோடு வாசலிலேயே நிற்கலாம். ஆகவே உலகக் கடல்களில் அமெரிக்காவுக்கே முதலிடம். தைவான் நீரிணைக்கு அதை எழுதித் தர மாட்டேன். மூழ்கிய கப்பலுக்கு மாற்றுக் கப்பலை யார் முந்திக் கட்டுவார்கள் என்று கேட்டால் இன்னும் தயங்குவேன்: உலகின் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய பாதி சீனாவில் கட்டப்படுகிறது, அமெரிக்காவின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை.