ஓய்வுபெற்ற விமானத் தோலும் சிக்கன நெறியும்: ஒரு முன்னாய்வு

பாயிரம்

விமானத்துக்குப் பென்ஷன் கிடையாது. ஓய்வு பெற்றதும் கலிஃபோர்னியாவின் விக்டர்வில், மொஹாவி, ஸ்பெயினின் டெருவெல் என்று எங்காவது வறண்ட நிலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். காய்ந்த காற்றில் உலோகம் சீக்கிரம் அரிக்காது. முதலில் என்ஜினைக் கழற்றி விற்பார்கள், பிறகு சக்கரத் தொகுதி, மின்னணுக் கருவிகள். கடைசியில் மிஞ்சுகிற அலுமினியத் தோல் காயலான் கடைக்குப் போகவேண்டியது. அதை வழியில் மறித்து, விரல் நீளத்துக்கு வெட்டி, விமானத்தின் பதிவெண்ணைப் பொறித்து, சாவிக்கொத்தில் மாட்டும் தகடாக விற்கிறார்கள். அமெரிக்காவில் மோட்டோஆர்ட், ஜெர்மனியின் கொலோன் நகரில் ஏவியேஷன்டேக் ஆகியவை இத்தொழிலில் பெயர் பெற்றவை.

இத்தகட்டை மலிவாக வாங்குவது எப்படி என்பதை ஆராய்வாரில்லை. கல்வியுலகில் இதற்கு ‘ஆய்வு இடைவெளி’ என்று பெயர். அந்த இடைவெளி ஏன் அப்படியே கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் பல துறைகளுக்குப் பூட்டு வாங்க வேண்டியிருக்கும்.

வகைப்பாடு

சிக்கனர் நால்வகையர்: பொறுப்பவர், கூடுபவர், பேரம் பேசுபவர், வாங்காதவர்.

பொறுப்பவர், புதுத் தகடு வெளியாகும் நாளில் பாயாமல் தள்ளுபடிக்குக் காத்திருப்பார். ஒரு விமானத்துக்கு இத்தனை தகடுதான் என்று எண்ணிட்டு விற்பதால், ஆசைப்பட்ட தகடு தள்ளுபடி வரும்வரை இருக்காது. எனவே இவருடைய சேமிப்பு முழுமையானது.

கூடுபவர் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரே பார்சலில் வரவழைத்துக் கூரியர் செலவைப் பங்கிடுவர். செலவைப் பங்கிடுவது எளிது. வெள்ளை யாருக்கு, நீலம் யாருக்கு என்று வரும்போதுதான் சங்கம் கலையும்.

பேரம் பேசுபவர் அருகிவிட்டார்.

வாங்காதவர் நன்றாகத் தூங்குகிறார். அவரிடம் ஆராய ஒன்றுமில்லை.

வெண்தகட்டுச் சிக்கல்

பயணி விமானங்களில் பெரும்பாலானவற்றின் உடல் வெள்ளை. வெயிலைத் திருப்பியடிக்கும், வெளிறினாலும் தெரியாது, குத்தகை முடிந்து வேறு கம்பெனிக்குப் போனால் பெயர் மாற்றுவதும் சுலபம். ஆகவே வெட்டியெடுக்கும் தகடும் பெரும்பாலும் வெள்ளையாகவே வரும். பற்றாளர் மனமோ நீலக் கோடு குறுக்கே ஓடும் இருவண்ணத் தகட்டில். அது அரிது; அரிதென்பதால் கைமாறும்போது விலை ஏறும். ஆதலால் சிக்கன நெறியின் முதல் விதி: வெள்ளையை விரும்பக் கற்றுக்கொள்.

வெள்ளையில் பார்க்க என்ன இருக்கிறது என்பவர் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததில்லை. வெட்டுவாயில் பெயின்ட் ஒரு மயிரிழைத் தடிப்புக்குத் தெரியும். சிலவற்றின் முதுகில் பச்சையும் மஞ்சளுமாக அரிப்புத் தடுப்புப் பூச்சு. ரிவெட் போன ஓட்டை இருந்துவிட்டால் அன்று வீட்டில் பாயசம்.

இந்த வெள்ளை உடலின் எப்பகுதியில் இருந்தது என்பதில் இரு பள்ளிகள் உண்டு. மேல்வெண்மையர் கூற்று: ஜன்னலுக்கு மேலே, வானத்தைப் பார்த்திருந்தது, ஆகவே உயர்ந்தது (பெயரிலார் ஒருவர், செல்லரித்த சுவடி, எலி கடித்த வரி). கீழ்வெண்மையர் மறுப்பு: ஜன்னலுக்குக் கீழே, பயணியின் முழங்கையை ஒட்டி இருந்தது, ஆகவே நெருங்கிய உறவு (அதே சுவடி, அதே எலி மறுநாள் கடித்த வரி). இருதிறத்தாரும் ஒரே கருத்தரங்கில் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டு, மாலையில் தனித்தனி ஆட்டோவில் போனார்கள்.

மூன்றாமவர் ஒருவர் இருவரையும் மறுக்கிறார். ஏ380 விமானத்தின் மேலுடலில் பல இடங்களில் இருப்பது வெறும் அலுமினியமன்று. அலுமினியத்துக்கு இடையிடையே கண்ணாடியிழை வைத்து ஒட்டிய கிளேர் என்னும் அடுக்கு. மேலே, கீழே என்று சண்டையிடுமுன் அது என்ன பொருள் என்று பார்க்க வேண்டாமா என்கிறார் (மேற்படி எலியின் வளையிலிருந்து மீட்ட துணுக்கு, மூன்றாம் அடுக்கு, ‘வெள்ளை’ என்பதை ‘வெல்லம்’ எனப் பாடம் ஓதுவாரும் உளர், அவர்க்கு எறும்பே சான்று, எறும்பு வந்த திசை குறித்து விரிவாக, இதே ஆசிரியர் எழுதப்போகும் நூலின் அச்சேறாத பின்னிணைப்பு). அவர் சொல்வது உண்மை என்பதால் அவரை அடுத்த கருத்தரங்குக்கு அழைக்கவில்லை.

வெள்ளையே வேண்டாம் என்பவருக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் உண்டு. நெடுங்காலம் உடலுக்கு வண்ணம் பூசாமல் உலோகத்தையே பளபளக்கத் தேய்த்துப் பறக்கவிட்டவர்கள், 2013இல் வெள்ளிநிறப் பூச்சுக்கு மாறினார்கள். போயிங் 787இன் உடல் கரியிழைக் கலவை. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க முடியாது. 787கள் கூட்டம் கூட்டமாக ஓய்வுபெறும் காலத்தில் தகட்டியலார் அலுமினியத்தை மறந்து புதிதாக ஒரு பல்லவி பாட வேண்டியிருக்கும்.

எடைக் கணக்கு

தகடு 7 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிப்பு எனக் கொள்வோம். எடை சுமார் 13.6 கிராம். அலுமினியம் டன் 2,500 டாலர் என்றால் இதன் உலோக விலை 3.4 சென்ட். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருகிற வண்டிக்காரர் இதற்குக் கொட்டையைத்தான் தருவார். 30 டாலருக்கு வாங்குகிறோம் என்று கொண்டால், மீதி 29.966 டாலர் கதைக்கு. கஸ்டம்ஸ்காரர் கதைக்கும் சேர்த்தே வரி போடுகிறார். இலக்கியத்தை இவ்வளவு மதிக்கும் வேறு அலுவலகம் இல்லை.

தவிர்ப்புச் சேமிப்பு

2020இல் குவான்டாஸ் தன் 747களை அனுப்பிவைத்துவிட்டு, அவற்றில் உருண்ட 1,000 பான வண்டிகளை மதுப்புட்டிகளோடு விற்றது. அரை வண்டி 974.70 ஆஸ்திரேலிய டாலர், முழு வண்டி 1,474.70. இரண்டு விலையிலும் 747 ஒளிந்திருப்பதைக் காண்க. சில மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்தன. வாங்க முயன்று கிடைக்காதவர் ஒவ்வொருவரும் 974.70 டாலர் மிச்சம் பிடித்தவர் ஆகிறார்.

இவ்விதியை மேலும் நீட்டலாம். 2003 டிசம்பரில் லண்டனில் பான்ஹம்ஸ் நடத்திய ஏலத்தில் கான்கார்டின் மூக்கு 3,20,000 பவுண்டுக்குப் போனது. அதை நாம் வாங்கவில்லை. ஆகவே வரவு: 3,20,000 பவுண்டு. செலவு: வெண்தகடு ஒன்று, கூரியர், வரி. நிகர மிச்சம் எந்த வங்கியில் கிடக்கிறது என்பது எதிர்கால ஆய்வாளர்களுக்கு விடப்படுகிறது.