முக்காலிப் படிப்பு

வடிவமைப்பு படிக்க ஒரு பருவம் ஹெல்சிங்கிக்குப் போகிற ஐரோப்பிய மாணவர் முதலில் சந்திக்கும் வடிவமைப்பு, படிப்பு ஒப்பந்தப் படிவம். 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின் திருக்கொடை. மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் கல்லூரி என மூன்று கையெழுத்து வேண்டும். பின்லாந்து வடிவமைப்பாளர் ஆல்வார் ஆல்ட்டோவின் 1933 முக்காலிக்கும் மூன்றே கால்தான். ஆனால் அது நிற்கிறது.

போய்ச் சேர்ந்தால் பாடம், எளிமை. அதை விளக்கச் சுவர் கொள்ளாத மஞ்சள் ஒட்டுத்தாள்கள். முக்காலியைப் படம் பிடிக்காத மாணவர் இல்லை. வாங்கியவரைத்தான் காணோம், விலை அப்படி.

நல்ல பாடமோ விடுதிச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தொங்குகிறது. அடிப்பலகை இல்லாத அலமாரி. உள்ளே கம்பி அடுக்கு. கழுவிய தட்டைச் செருகிக் கதவைச் சாத்தினால் தண்ணீர் தொட்டியிலேயே சொட்டிவிடும், துடைக்கிற வேலை மிச்சம். 1940-களில் மையூ கெப்ஹார்ட் என்ற பெண்மணி உருவாக்கியது. பாடத்திட்டத்தில் இதற்குப் புள்ளி கிடையாது. ஆகவே பருவத்துக்கு 30 புள்ளி சேர்க்க வந்தவர்கள், எச்சில் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, 'பயனர் அனுபவம்' பற்றிக் கட்டுரை எழுதப் போய்விடுகிறார்கள்.