டர்போ மாமா

ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஏசியை அணைப்பார். சித்தூரில் ஜூன் மாதம், மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, மத்தியானம் இரண்டு மணி. கண்ணாடியை இறக்கவும் விடமாட்டார். காற்று உள்ளே புகுந்தால் வண்டியைப் பின்னுக்கு இழுக்குமாம். "ஏசி ஓடினா எஞ்சினோட முழு பலம் தெரியாது மாப்ளே. இப்பப் பாரு."

காந்தி ரோட்டில் எதைப் பார்ப்பது? முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. அதற்கு முன்னால் ஜூஸ் ஃபேக்டரிக்குத் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிப்போகும் டிராக்டர். ஆட்டோ கொஞ்சம் நகர்ந்தால் பத்தடி இடம் கிடைக்கும். அந்தப் பத்தடிக்காக ஸ்போர்ட் மோடைப் போட்டு ஒரு மிதி மிதிப்பார். நம் பின்மண்டை சீட்டில் மோதும். அடுத்த நொடியே பிரேக். நெற்றி முன்னால் போகும்.

"தெரிஞ்சுதா?"

தெரிந்தது மாமா.

"அதான் டர்போ."

நான் எவரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஐம்பது வயதைத் தாண்டி, இன்னோவாவைக் கொடுத்துவிட்டுச் சிவப்புக் கோடு போட்ட சின்ன வண்டி வாங்கிய மாமாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கிரீம்ஸ்பேட்டையில் குடியிருப்பதும், மூக்கின்மேல் மச்சம் இருப்பதும், என் அம்மாவோடு கூடப்பிறந்ததும் தற்செயல்.

குவாலிஸ் 2000-இல் வந்து 2005-இல் போனது. அதன் இடத்தில் வந்தது இன்னோவா. மாமாவிடம் இரண்டுமே இருந்தன. எட்டுப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறோம், டிக்கியில் மாங்காய்க் கூடையோடு. சீமந்தம், சாவு, காணிப்பாக்கத்துப் பிள்ளையார், பெங்களூரு ஹாஸ்டலுக்கு மெத்தை, எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். அந்த இன்னோவாவைத் திருப்பதியில் ஒரு டிராவல்ஸ்காரருக்குக் கொடுத்துவிட்டு, ஐ20 என் லைன் எடுத்து வந்தார். காணிப்பாக்கத்தில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டு வாசலில் நிறுத்தினார். அத்தை வெளியே வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "மீதி எங்கே?" என்று கேட்டாள்.

மாமாவிடம் கணக்கு தயாராக இருந்தது. "இன்னோவாவுல ரெண்டரை லிட்டர் டீசல் எஞ்சின், 102 குதிரை. இதுல ஒரு லிட்டர்கூட முழுசா இல்ல, 998 சிசி. ஆனா 120 குதிரை!" கேட்காமலே வரிக் கணக்கும் வரும். நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள் என்று இருந்தால்தான் நம் நாட்டில் சின்ன வண்டிக்குரிய குறைந்த வரி. அதனால்தான் கம்பெனிக்காரர்கள் சின்ன எஞ்சினில் டர்போவை மாட்டுகிறார்கள். சொல்வது அத்தனையும் சரி. "குதிரை ஜாஸ்தி, குந்த எடம் கம்மி" என்று அத்தை உள்ளே போய்விட்டாள். அதுவும் சரி.

மாமாவின் முழு அழகையும் பார்க்க வேண்டுமானால் அவரோடு திருமலைக்குப் போக வேண்டும்.

சித்தூரிலிருந்து பூதலப்பட்டு வழியாகத் திருப்பதி எழுபது கிலோமீட்டர் சொச்சம். அது அவருக்கு வெறும் முன்னுரை. மனசெல்லாம் மலைப்பாதையில் இருக்கும். முந்தின ராத்திரி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை யூடியூபில் பார்த்திருப்பார். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே நீளம், காடும் மேடும் வளைவும். நல்ல ஹேட்ச்பேக் வண்டிகள் அதை எட்டு நிமிஷத்துக்குள் சுற்றி வந்திருக்கின்றன. "நம்ம ஏறுற ரோடும் கிட்டத்தட்ட அவ்ளோதான் மாப்ளே, பதினெட்டு கிலோமீட்டர்! அதுவும் மலை, இதுவும் மலை."

ஒரே ஒரு வித்தியாசம். அங்கே சீக்கிரம் வந்தால் கைதட்டுவார்கள். இங்கே சீக்கிரம் வந்தால் அபராதம். விபத்துகளைக் குறைக்கத் தேவஸ்தானம் வைத்த விதி அது. அலிபிரியில் புறப்படும் நேரம் பதிவாகும். ஏற 28 நிமிஷமாவது ஆக வேண்டும், இறங்க 40. அதாவது ஏறும்போது சராசரியாக மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தொடக் கூடாது. குவாலிஸ் காலத்தில் இந்த 28 நிமிஷத்தைப் பற்றி யாருமே கவலைப்பட்டிருக்க மாட்டோம். பதினோரு பேரோடு அது தானாகவே அதற்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

மாமாவுக்கு இது தெரியாதா? மனப்பாடம். இருந்தாலும் அலிபிரி சோதனையில் பைகளை ஸ்கேன் செய்து வாங்கிக்கொண்டு நாம் கதவைச் சாத்துவதற்குள் ஏசி அணைந்துவிடும். ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருக்கும் இரண்டு காதுகளையும் விரலால் தட்டித் தட்டிக் கியர் மாற்றுவார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விளக்கம். ஒவ்வொரு வளைவிலும் பின்சீட்டில் அத்தை "கோவிந்தா" என்பாள். அது பக்தி என்று மாமா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மேலே சுங்கச்சாவடி கண்ணுக்குத் தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால் வேகம் குறையும். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஓரமாக நிறுத்துவார். எஞ்சினை அணைப்பார்.

இனி காத்திருக்க வேண்டும். 120 குதிரையும் நாங்களும்.

ஆந்திர அரசுப் பேருந்து ஒன்று ஐம்பது அறுபது பேரோடு முனகிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போகும். அலிபிரியில் எங்களுக்குப் பின்னால் நின்ற அதே பேருந்து. ஜன்னலோரக் குழந்தை கைகாட்டும். அப்புறம் ஒரு பழைய ஆம்னி. அப்புறம் மஞ்சள் போர்டு மாட்டிய ஒரு இன்னோவா. அது போகிறவரை மாமா கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று குனிந்துகொள்வார். ஏபி 03-இல் தொடங்கும் அதன் நம்பர் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பின்கண்ணாடியில் அத்தை ஒட்டிய நாமம்கூட அப்படியே இருக்கிறது.

"என்ன மாமா, போலாமா?"

"இரு, இன்னும் நாலு நிமிஷம் கெடக்கு." அந்த நாலு நிமிஷத்துக்குள் டர்போ எப்படி வேலை செய்கிறது என்று மறுபடி சொல்லி முடிப்பார். வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஏற்றும். காற்று கூடினால் எரிபொருளும் கூடும், பலமும் கூடும். இதை நான் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எழுதும் அளவுக்குத் தயார்.

மற்ற பழக்கங்கள் சில்லறை. வண்டியில் சாப்பிட விடமாட்டார், செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும், பெட்ரோல் பங்க்கில் பையனுக்கு மூடியை எப்படித் திறப்பது என்று பாடம் எடுப்பார். போகட்டும்.

ஆயா விஷயம்தான் போகட்டும் என்று விட முடியாதது. எண்பது வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவள். இன்னோவாவில் படியில் கால் வைத்து, மேலே இருக்கும் பிடியைப் பிடித்து, முருகா என்று ஏறிவிடுவாள். இந்த வண்டிக்குள் அவள் இறங்க வேண்டியிருக்கிறது. முதலில் உட்கார வைக்க வேண்டும், பிறகு காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். வெளியே எடுக்க இரண்டு ஆள். "கெணத்துல எறங்கற மாதிரி இருக்குடா" என்கிறாள். அவளை உட்கார வைத்ததும் மாமா குனிந்து, "சீட்டு எப்படி பிடிக்குது பாத்தியாம்மா? ஸ்போர்ட்ஸ் சீட்டு" என்றார். ஆயா அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். பெற்றவள், வேறென்ன செய்வாள்.

நியாயமும் பேசத்தான் வேண்டும். அந்த இரண்டு பெரிய வண்டிகளிலும் மாமா அவர் போக நினைத்த இடத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்காவது நெஞ்சுவலி என்றால் வேலூர் சி.எம்.சி.க்கு அவர்தான். வாசலில் வண்டியிலேயே தூங்கி, காலையில் அதே சட்டையோடு கடை திறப்பார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவர் பெயர் "வண்டி மாமா". இப்போது விடியற்காலையில் ஒருவரையும் கூட்டிக்கொள்ளாமல் பூதலப்பட்டு வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறார். அந்த முகத்தைப் பார்த்தால் கேலி செய்ய வாய் வராது.

ஆனால் மாமா, அந்தப் பதினோரு பேர் எங்கே போனார்கள் என்று யோசித்தீர்களா? என் வண்டியில் இருக்கிறார்கள். உங்கள் இன்னோவா போன அன்றிலிருந்து என் பழைய டீசல் எர்டிகாதான் குடும்ப வண்டி. சீமந்தம் எனக்கு, சாவு எனக்கு, ஆயாவின் முழங்கால் டாக்டர் எனக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருச்சானூரில் கல்யாணம். நேற்று போன் வருகிறது: "மாப்ளே, ஆயாவையும் அத்தையையும் உன் வண்டியில ஏத்திடு. சீர் சாமானும் அதுலயே போட்டுடு. நான் முன்னாடி போயி எடம் பிடிச்சி வைக்கிறேன்."

அதையும் பொறுத்துக்கொள்கிறேன். போன வாரம் நான் ஊரில் இல்லாதபோது சாவி வாங்கிப்போய், வண்டியை முள் சிவப்பில் கிடக்கும்படி கொண்டுவந்து நிறுத்தினீர்களே, அதைத்தான் சொல்கிறேன். அது தமிழ்நாட்டு டீசல் மாமா. ஆந்திராவில் விலை கூடுதல் என்பதால், வேலூர் போகும்போதெல்லாம் காட்பாடிப் பக்கம் வரிசையில் நின்று டேங்க்கை முட்ட முட்ட நிரப்பிக்கொண்டு வருகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும், ஆட்களையும் ஏற்றிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். காட்பாடி வரை போக வேண்டாம், சித்தூர் பங்க்கிலேயே போடுங்கள். விலை கூடுதலாக இருந்தால் எனக்கென்ன.