எண்பது சதவீத நல்லாசிரியர்

அனுப்புநர்:
ஓர் உதவிப் பேராசிரியர், தமிழ்த்துறை (சுயநிதிப் பிரிவு),
ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு கல்லூரி.

பெறுநர்:
தலைவர் அவர்கள், பல்கலைக்கழக மானியக் குழு,
பகதூர் ஷா ஜாபர் மார்க், புதுதில்லி.

பொருள்: ஆண்டுத் தன்மதிப்பீட்டுப் படிவம் – சில பணிகளுக்குக் கட்டம் இல்லாமை – புதிய கட்டம் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்களின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். 2. அவற்றைத் தூக்கிவிட்டு வந்த 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். 3. தங்களின் 2025 ஜனவரி வரைவு. 4. எங்கள் முதல்வரின் வாட்ஸ்அப் செய்தி, நேற்றிரவு 11.40.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வை 4இன்படி நாளைக் காலைக்குள் நான் எப்படிப்பட்ட ஆசிரியர் என்பதைச் சான்றுகளுடன் நிரூபித்தாக வேண்டும். அதில் எழுந்த சில ஐயங்களைத் தங்களிடமே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் நன்றி. கற்பித்தலை அளக்க 2018 ஜூலையில் தாங்கள் சொன்ன வழி அத்தனை சுலபம். ஒதுக்கிய வகுப்புகள் எத்தனை, போன வகுப்புகள் எத்தனை என்று சதவீதம் போட வேண்டியதுதான். 80ம் அதற்கு மேலும் என்றால் 'நன்று'. 70க்குக் குறையாவிட்டால் 'திருப்தி'. அதற்கும் கீழே போனால் 'திருப்தியில்லை'. உள்ளே போன ஆசிரியர் என்ன செய்தார் என்று தாங்கள் கிளறவில்லை; அந்தப் பெருந்தன்மையை என்னென்பது! எங்கள் கல்லூரியில் ஒரு பெரியவர் தாம் படித்த காலத்து நோட்டை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் வாசித்துவிட்டு இறங்குவார். அவருக்கு 98 சதவீதம். எனக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷத்தில் நான் வெறும் 'திருப்தி'.

2010ஆம் ஆண்டு முறையில் இந்தச் சுகம் இல்லை. அப்போது எல்லாவற்றுக்கும் புள்ளி. மதிப்பீட்டாளர் பார்த்து வெளியிடும் ஆய்விதழில் ஒரு கட்டுரைக்கு 15, புத்தொளிப் பயிற்சிக்கு 20. வருஷம் முழுக்கப் பாடம் நடத்தி, வினாத்தாள் எடுத்து, விடைத்தாள் திருத்தினாலும் உச்சவரம்பு 125. கட்டுரைக்கோ அன்று வரம்பே கிடையாது. மனிதன் எந்தப் பக்கம் போவான்? நாங்களும் போனோம். பணம் கட்டினால் மூன்று நாளில் கட்டுரை அச்சாகும் இதழ்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 2018 மே மாதம், தாங்களே ஒப்புக்கொண்ட பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தாங்களே அடித்தீர்கள். பிறகு 'கேர்' என்று புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டீர்கள். என்னுடைய கட்டுரை ஒன்று வெளிவந்தபோது தரமான இதழில் இருந்தது. அடுத்த வருஷம் போலி இதழில் இருந்தது. ஒரு வரிகூட மாறவில்லை என்பதற்கு நானே சாட்சி. அதைப் படித்தவனும் நான் ஒருவன்தான்.

பன்னாட்டுக் கருத்தரங்கமும் நடத்தினோம். மலேசியாவிலிருந்து ஒரு பெருமகனார் ஜூமில் வந்து, "கேட்கிறதா, கேட்கிறதா" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு மறைந்தார். அந்த வினாடியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இன்றும் எங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

இனி என் ஐயத்துக்கு வருகிறேன்.

போன மே மாதம் சேர்க்கைக்கு ஆள் பிடிக்க எங்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். தலைக்கு ஐந்து மாணவர் இலக்கு. சேத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில், கையில் நோட்டீஸோடு வேகாத வெயிலில் நின்றேன். "ப்ளஸ் டூ முடிச்சாச்சு, மில்லுக்குப் போறான். இதுக்கு மேல என்ன சார் படிப்பு?" என்றார் பையனின் அம்மா. அரை மணி நேரம் பேசி, பி.காம். சேர வைத்தேன். பையன் மில்லை விடவில்லை. மூன்றாம் ஷிப்டு முடித்து நேரே முதல் பீரியடுக்கு வருவான். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவான். நான் எழுப்புவதில்லை. பாதி வகுப்பில் தானே விழித்து, பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வான்.

நவம்பரில் அவன் நின்றுவிடுவதாகச் சொன்னான். வீட்டில் கடன். நான் மில்லுக்குப் போய் சூப்பர்வைசரிடம் பேசி, பரீட்சை முடியும்வரை இரண்டாம் ஷிப்டுக்கு மாற்ற வைத்தேன். பையன் இன்னும் படிக்கிறான்.

இதை எந்தக் கட்டத்தில் எழுத? எங்கள் தர உறுதிக் குழு ஒருங்கிணைப்பாளரைக் கேட்டேன். நல்ல மனுஷர். "மென்டாரிங்குல போட்டுடலாம்யா, ஜியோடேக் போட்டோ இருக்கா?" என்றார். இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு, "மறுபடி ஒரு தடவை மில்லுக்குப் போய், அந்த சூப்பர்வைசரோட நின்னு எடுத்துட்டு வந்துடுங்களேன்" என்றார். மூன்றாம் பெஞ்சு தூக்கத்துக்கும் இதே நிலைதான். மாணவர் கருத்துப் படிவத்தில் 'ஆசிரியர் வகுப்பைச் சுவையாக நடத்துகிறாரா?' என்ற கேள்விக்கு அவன் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறான் என்று நம்புகிறேன். எல்லாக் கேள்விக்கும், எல்லா ஆசிரியருக்கும், கல்லூரிக் கேன்டீனுக்கும் அவன் ஐந்துதான் போடுவான். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

அன்றொரு நாள் வராந்தாவில் ஒரு மாணவி அழுதுகொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்பதற்கு முன் என் கை சட்டைப்பையில் செல்போனைத் தேடியது. வெட்கம்தான். ஆனால் இந்தப் பயிற்சிக்கும் தாங்கள் ஒரு புள்ளி தரலாம்.

கோப்பு சரியாக இருந்தால் ஆளே தேவையில்லை என்று எங்களுக்குக் கற்றுத்தந்தவர்கள் பொறியியல் பக்கத்து நண்பர்கள். அது வேறு அமைப்பின் கீழ் வருவது என்று தாங்கள் சொல்லலாம். ஆனாலும் 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் 224இல், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேரப் பேராசிரியர்களாக இருந்தவர்கள் 353 பேர். எனக்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறி கல்லூரி வாசலில் இறங்குவதற்குள் முதல் மணி அடித்துவிடுகிறது. அவர்கள் படிவங்களில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் தங்கள் நாக் அமைப்பின் ஆய்வுக்குழு ஒன்றின் தலைவரும் உறுப்பினர்களும் லஞ்சப் புகாரில் 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ.யிடம் கைதானது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்களுடைய தன்மதிப்பீட்டுப் படிவத்தை ஒரு முறை கண்ணால் பார்க்க ஆசை, அவ்வளவே.

ஊர்க்காரன் என்ற உரிமையில் ஒரு யோசனை. எங்கள் ராஜபாளையம் நாயைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். 2005இல் தபால்தலையில் வந்தது. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பார்த்தால் மயங்கிவிடுவோம். ஆனால் அந்த வெள்ளையில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் விவரம் தெரிந்தவர் நிறத்தையும் வம்சாவளிச் சீட்டையும் பார்த்துவிட்டு உடனே பணத்தை எடுப்பதில்லை. குட்டிக்குப் பின்னால் போய் நின்று கை தட்டிப் பார்ப்பார். தாங்களும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் எங்கள் கடைசி பெஞ்சில் வந்து உட்காரலாம். பொன்னாடை, ரங்கோலி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எதுவும் இருக்காது என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

பார்வை 3ஐயும் படித்தேன். குறிப்பிடத்தக்க பங்களிப்புகள் ஒன்பதில் குறைந்தது நான்கு வேண்டுமாம். அதில் ஒன்று ஸ்டார்ட்அப். சத்திரப்பட்டிக்காரர்களோடு சேர்ந்து பேண்டேஜ் துணி வியாபாரம் தொடங்க நான் தயார். முதலுக்குத்தான் இடிக்கிறது. தங்கள் ஒழுங்குமுறையில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய் என்று ஒரு பக்கம் உண்டாமே. எங்கள் கல்லூரிக்கு வந்த பிரதியில் அந்தப் பக்கம் மட்டும் எப்படியோ கிழிந்துபோயிருக்கிறது. இன்னொரு பிரதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

பதில் எழுதும்போது லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு எழுத வேண்டுகிறேன். 'தேசிய அளவிலான அமைப்புடன் கல்விசார் தொடர்பு' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். தேதி மட்டும் இந்தக் கல்வியாண்டுக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(போன வருஷம் 'திருப்தி', இந்த வருஷம் 'நன்று')

இணைப்பு: இக்கடிதத்தை எழுதும் நிலையில் ஜியோடேக் புகைப்படம் – 1.