திரிசங்குவும் கேப்டன் கிர்க்கும்

1980களின் நடுவில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ‘ஸ்டார் டிரெக்’ காட்டியது. அமெரிக்காவில் 1966இல் தொடங்கி 1969இல் நின்றுபோன தொடர் அது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அப்போது டிவி கிடையாது. தி.நகரில் சித்தப்பா வீட்டில் சாலிடேர் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. பஸ் ஏறிப் போய்விடுவோம், பாட்டியும் கூட வருவாள்.

எனக்கு நன்றாக நினைவில் நிற்பது 1968இல் எடுக்கப்பட்ட ‘தோலியன் வெப்’ என்ற கதை. இரண்டு பிரபஞ்சங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் கேப்டன் கிர்க் அகப்பட்டுக்கொள்கிறார். விண்வெளி உடையோடு கப்பலுக்குள் மங்கலாகத் தோன்றுகிறார், மறைகிறார். கப்பல் அதிகாரி உஹூரா கண்ணாடி பார்த்தால் அதில் தெரிகிறார். வாயசைகிறது, குரல் வரவில்லை. அந்த ஆங்கிலம் எங்கள் காதில் பாதிதான் ஏறியது. பாட்டிக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனால் கதையைப் பிடித்தவள் அவள்தான்.

“திரிசங்குடா இவன்! மேலயும் சேத்துக்கலை, கீழயும் விடலை. நடுவுல நிக்கறான் பாவம்.”

விளம்பரம் வந்த இடைவெளியில் விசுவாமித்திரர் கதையும் வந்துவிட்டது. திரிசங்குவுக்காக அவர் தனியாக நட்சத்திரங்களையே படைத்தாரே, அதுவும் இன்னொரு பிரபஞ்சம்தானே என்றாள். வேற்றுப் பரிமாணம் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை.

அந்த மங்கல் உருவம் எப்படி வந்தது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை ஏற்றும் உத்தி. ‘பாதாள பைரவி’யையும் (1951) ‘மாயா பஜா’ரையும் (1957) பார்த்த தலைமுறை அது. இரண்டுக்கும் ஒளிப்பதிவு செய்தவர் மார்கஸ் பார்ட்லி. வடபழனியில் வாஹினி ஸ்டூடியோவில் ஆட்கள் அந்தர்த்தானம் ஆனதும் ஹாலிவுட்டில் கிர்க் கரைந்ததும் ஒரே குடும்பத்து வித்தைகள். ‘ஸ்டார் டிரெக்’கில் மனிதர்கள் மினுமினுத்து மறைவதற்கு அலுமினியத் தூளை வெளிச்சத்தில் விழவிட்டுப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு கிரகத்திலும் கப்பலை இறக்கிக் காட்டப் பணம் இல்லாததால் பிறந்த யோசனை அது. கையில் காசு குறைவாக இருந்தவர்கள் எங்களை இத்தனை தூரம் நம்பவைத்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் மரியாதை கூடுகிறது.

நாங்கள் அமெரிக்காவில் தேடிய இந்த வேற்றுப் பரிமாண விஷயம் எங்கள் பேட்டைக்குள்ளேயே புழங்கியது என்று அந்த வயதில் யாரும் சொல்லித்தரவில்லை. பிரம்மஞான சபை 1882இலேயே அடையாற்றங்கரைக்கு வந்துவிட்டது. அதன் முக்கியஸ்தர் லெட்பீட்டர் சூட்சும உலகவாசிகளைப் பற்றி எழுதும்போது ‘நான்காவது பரிமாணம்’ என்ற கணிதக் கருத்தைத் துணைக்கு அழைத்தார். கணிதவியலர் ஹின்டனின் எழுத்து அவருக்குக் கைகொடுத்தது. லெட்பீட்டரின் முடிவுகளை நான் ஏற்கவில்லை. ஆனால், கண்ணுக்குத் தெரியாத தளம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே ஆட்களும் இருக்கிறார்கள் என்ற கற்பனையை மேற்கில் பரப்பியதில் அடையாற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

இயற்பியலும் பக்கத்திலேயே இருந்தது. லஸ் சர்ச் சாலையில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்று ஒரு வீடு. அரசமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் இளைஞர்களைச் சேர்த்து அங்கே இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் நீல்ஸ் போர் அங்கே வந்து பார்த்துப் பாராட்டினார். அந்தக் கருத்தரங்கிலிருந்து 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இப்போது அது தரமணியில் இருக்கிறது. 1980களில் அதன் இயக்குநராக இருந்தவர் இ.சி.ஜி. சுதர்ஷன், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். ஒளியைவிட வேகமான துகள்கள் இருக்க முடியுமா என்று 1962இலேயே நண்பர்களோடு ஆய்வுக் கட்டுரை எழுதியவர். டேக்கியான் என்று பின்னால் பெயர் பெற்ற அந்தத் துகள்கள்தான் பிந்தைய ‘ஸ்டார் டிரெக்’ தொடர்களில் எடுத்ததற்கெல்லாம் பேசப்பட்டவை. நாங்கள் கிர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் எங்களிடமிருந்து சில மைல் தூரத்தில் இருந்தார். அதே காலத்தில், 1984இல்தான், இயற்பியலாளர்கள் கிரீனும் ஷ்வார்ஸும் இழைக்கோட்பாட்டுக்குப் புது உயிர் கொடுத்தார்கள். அதன் கணக்கில் பரிமாணங்கள் பத்து; நமக்குத் தெரியாத மிச்சமெல்லாம் மிகச் சிறிதாகச் சுருண்டு கிடக்கின்றன.

இன்று என் தங்கையின் பேரன் செல்போனில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்க்கிறான். 2016இல் வந்த தொடர், கதையோ 1983இல் தொடங்குகிறது. வேற்றுலகத்தில் சிக்கிய பையனின் குரல் வீட்டுச் சுவர் வழியாகத் தாய்க்குக் கேட்கிறது. 1962இல் ‘ட்விலைட் ஸோன்’ தொடரிலும் ஒரு சிறுமி சுவருக்குள் விழுந்து நான்காம் பரிமாணத்திலிருந்து குரல் கொடுத்தாள். வழி எங்கே திறந்திருக்கிறது என்று குடும்ப நண்பரான இயற்பியலாளர் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்ப்பார். இரண்டு தொடருக்கும் நடுவே ஐம்பத்துநான்கு ஆண்டுகள். அந்தச் சுவரின் பயம் மட்டும் தேயவே இல்லை.

எனக்கு உறுத்தும் மாற்றம் வேறு. பழைய தொடர்களில் அந்நியர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. ‘தோலியன் வெப்’ கதையின் வேற்றுக்கிரகவாசிகளான தோலியன்கள் படிகம் போன்ற முகத்தோடு வந்து, எங்கள் எல்லைக்குள் நுழைந்துவிட்டீர்கள், வெளியேறுங்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். ‘ஸ்டார் டிரெக்’கின் ‘மிரர், மிரர்’ கதையில் வேற்றுப் பிரபஞ்சத்தில் இருந்தது நம்முடைய கொடிய வடிவமே. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்’ஸின் வேற்றுலக மிருகமான டெமோகார்கனிடம் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. அது வாயைத் திறப்பது தின்பதற்கு மட்டும். தொழில்நுட்பம் வளர வளர, அந்நியரிடம் பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணம் கதைகளில் சுருங்கிவிட்டது. இது எனக்கு நஷ்டமாகவே படுகிறது.

பேரனுக்கு ஏகாம்ர நிவாஸ் கதையையும் பத்துப் பரிமாணக் கணக்கையும் சொன்னேன். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான். கணித அறிவியல் நிறுவனம் மியூசிக் அகாடமியில் ‘சயின்ஸ் அட் த சபா’ என்று பொதுமக்களுக்கு அறிவியல் உரைகள் நடத்திவருகிறது. அடுத்த முறை கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறேன். இப்போதே நோட்டில் கேள்வி எழுத ஆரம்பித்துவிட்டான். முதல் கேள்வி: “மிச்சப் பரிமாணமெல்லாம் அவ்வளவு சின்னதா சுருண்டு கிடக்குன்னா, அதுல இருக்கறவங்க எவ்வளவு குட்டியா இருப்பாங்க?”