தன்னாட்சி வாழ்க!

தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் அரசின் ஊதுகுழல்கள் என்று ஏசுகிறவர்கள் சட்டம் படிக்காதவர்கள். அவற்றை நடத்தும் பிரசார் பாரதி தன்னாட்சி பெற்றது. 1990இலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. அதை அமலுக்குக் கொண்டுவர ஏழே ஆண்டுகள்தான் ஆயின. விடுதலை கொடுப்பதில் அவசரம் கூடாதல்லவா? படியளப்பது மத்திய அரசு. வேண்டும்போது உத்தரவு போட 23ஆம் பிரிவு இருக்கிறது. மற்றபடி பூரண சுதந்திரம்.

பண்பாட்டைக் காப்பதில் மத்திய அரசுக்குப் பழைய அனுபவம் உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் ஆகாசவாணியிலிருந்து சினிமாப் பாட்டைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். ஜனங்கள் அதற்குப் பதிலாக வந்த சாஸ்திரிய சங்கீதத்துக்குத் தலையாட்டவில்லை; ரேடியோ சிலோனுக்கு முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித் பாரதி என்ற வானொலிச் சேவையைத் தொடங்கி அதே பாட்டுகளைப் போட வேண்டி வந்தது. நெருக்கடிநிலையின்போது, ஆளுங்கட்சி கூப்பிட்ட இடத்தில் பாட மறுத்த கிஷோர் குமாரின் குரலையே வானொலியில் அடைத்தார்கள்.

அப்போது தன்னாட்சி இல்லை, பாவம். இப்போது இருக்கிறதே, அதன் அழகைப் பாருங்கள். 2014இல் ஆர்.எஸ்.எஸ். தலைவரின் விஜயதசமிப் பேச்சு தூர்தர்ஷனில் நேரலை. 2017இல் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரைக்கோ, மாற்றித் தந்தால்தான் ஒளிபரப்பு என்று நிபந்தனை. அவர் மாற்றவில்லை, உரை வரவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் என்பதுதான் அவர் செய்த குற்றம் போலும்.

2024 தேர்தல் நேரத்தில் டிடி நியூஸ் இலச்சினை காவியேறியது. காவியல்ல, ஆரஞ்சு என்று விளக்கம் வந்தது. கண் நமக்குத்தான் கெட்டுவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் டிடி தமிழ் சென்னையில் இந்தி மாத நிறைவு விழா எடுத்தது. ஆளுநர் முன்னிலையில் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்தில் ‘திராவிட’ என்ற சொல் வரும் அடி மட்டும் காணாமற்போனது. கவனச் சிதறலாம்! சிதறுகிற கவனம் அந்த ஒரே அடியில் போய்ச் சிதறுகிறதே, என்ன துல்லியம்!

அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. நம் சொத்தில், நம் வரிப்பணத்தில், நம் வாயையே அடைக்கிறார்கள். எதிர்க்கட்சியாக இருக்கையில் தன்னாட்சிக்காகக் கண்ணீர் விடுவதும், நாற்காலி கிடைத்ததும் மைக்கைப் பிடுங்கிக்கொள்வதும் டெல்லியில் ஆண்ட எந்தப் பெரிய கட்சிக்கும் புதிதல்ல. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடி பிடித்து வந்தாலும் சரி, அந்த 23ஆம் பிரிவை எப்போது எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை வாசலிலேயே நிற்கட்டும்.