கோடை வகுப்புத் தயாரிப்பியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

பல்லி விழும் பலனுக்குத் தமிழில் நூல் உண்டு. மனையடி சாத்திரத்துக்கு உண்டு, கனவின் பலனுக்கும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கோடைப் பருவத்துக்குப் பாடம் எடுக்க ஒப்புக்கொண்ட ஆசிரியர் மே மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நூல் மட்டும் நம்மிடம் இல்லை. இக்குறை தீர்க்கவே இவ்வாய்வு எழுந்தது.

பாயிரம் இல்லாதது நூலாகாது என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். எல்லை: மே மாதக் கடைசித் திங்கள் முதல் ஆகஸ்டு முதல் வாரம் வரை. கேட்போர்: இதே வினையில் அகப்பட்டோர். பயன்: சொல்வதற்கில்லை. காரணம்: ஒன்பது மாதச் சம்பளம். கடைசியாகச் சொன்னதற்குச் சிறிது விளக்கம் வேண்டும். அங்கே பேராசிரியர் பலரின் பணி ஒப்பந்தம் ஒன்பது மாதத்துக்கானது. கோடையில் வகுப்பு எடுத்தால் அதற்குத் தனிக்கூலி உண்டு, எடுக்காவிட்டால் இல்லை. வீட்டு வாடகையோ பன்னிரண்டு மாதமும் உண்டு. அறிவுத் தாகம், மாணவர் நலம் முதலிய காரணங்களையும் சிலர் கூறுவர். அவை இடைச்செருகல்.

இனி முதல் நூற்பா.

பதினைந் தைந்தினுள் அடங்கும் என்ப
பாடம் எடுத்தறி யாதோர் தாமே.

இதன் பொருள்: பதினைந்து வாரப் பாடம் ஐந்து வாரத்துக்குள் அடங்கும் என்று சொல்வார்கள், வகுப்பில் நின்று பழகாதவர்கள். 'தாமே' என்னும் ஏகாரம் தேற்றம். 'என்ப' என்றதனால் ஆசிரியர்க்கு இதில் உடன்பாடு இல்லை என்க.

விசேடவுரை: அமெரிக்கக் கல்லூரிகளில் பாடத்தை 'கிரெடிட்' என்னும் அலகால் அளப்பார்கள். வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்குமேல் மாணவர் தாமாகப் படிக்கக் குறைந்தது இரண்டு மணி நேரம், இப்படி ஏறத்தாழ பதினைந்து வாரம் நடந்தால் ஒரு கிரெடிட். வழக்கமான பாடத்துக்கு மூன்று கிரெடிட். ஆக வகுப்பறையில் 45 மணி, வெளியே 90 மணி, மொத்தம் 135. கால அளவு மாறினாலும் உழைப்பின் அளவு மாறக்கூடாது என்பதும் விதி. அந்த 135 மணியை ஐந்து வாரத்தில் அடைத்தால் வாரத்துக்கு 27 மணி ஆகிறது. மாணவர் இரண்டு பாடம் எடுத்திருந்தால் 54. அந்த மாணவர் மாலையில் பீட்சாக் கடையிலும் வேலை பார்ப்பார் என்பதை விதி வகுத்தோர் அறிந்திலர்.

வரலாறும் சிறிது. ஹார்வர்டின் கோடைப் பள்ளியை 1871இல் தொடங்கியவர் தாவரவியலாளர் ஏசா கிரே. தொடங்கியது பள்ளி ஆசிரியர்களுக்காக. மேசைக்கு இருபுறமும் ஆசிரியர்கள், இருபுறமும் விடுமுறையைத் தொலைத்தவர்கள் என்பதால் அன்று யாரும் யாரையும் நொந்துகொள்ள வழியில்லை. பின்னர் 1892இல் வகுப்புகளைத் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ஆண்டை நான்கு காற்பருவங்களாக வகுத்துக் கோடையையும் அவற்றுள் ஒன்றாக்கினார். மற்ற மூன்றுக்கும் அது சமம் என்பது அவர் கொள்கை.

சமமல்ல என்பதற்குத் தொல்காப்பியமே சான்று. வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை வடிவம் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். கோடை வகுப்பின் பிறப்பும் இவ்வாறே. அதற்கென்று சொந்தமாகப் பாடத்திட்டம் கிடையாது; இலையுதிர் பருவத்துப் பாடமும் வசந்தப் பருவத்துப் பாடமும் நீர் வற்றிக் கோடைப் பாடமாகத் திரிகின்றன. உரிப்பொருளும் பொருந்துகிறது: பிரிவு. ஒரு சிறு வேறுபாடு உண்டு. பாலையில் தலைவன் பொருள் தேடப் பிரிந்து செல்வான். இங்கே தலைவன் பொருள் தேடி வீட்டிலேயே இருக்க, மற்ற எல்லோரும் ஊருக்கு விமானம் ஏறுகிறார்கள்.

இனித் தயாரிப்பு நடக்கும் முறை. மே இரண்டாம் வாரம் வசந்தப் பருவத்து மதிப்பெண்களைப் பதிவேற்றியதும் ஆசிரியர் கணினியில் பழைய பாடத்திட்டத்தைத் திறப்பார். அதைப் புதிய பெயரில் சேமிப்பார். தலைப்பில் 'வசந்தம்' என்பதை அழித்துக் 'கோடை' என்று எழுதுவார். தயாரிப்பில் ஐயத்துக்கு இடமின்றி முடியும் பகுதி இது ஒன்றே. எஞ்சியது நீக்கல். எதை விடுவது?

இதில் இரு கட்சிகள் உண்டு. வெட்டுக் கட்சியார், மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு மிஞ்சியதை நிதானமாக நடத்தலாம் என்பர். அழுத்துக் கட்சியார், எதையும் விடாமல் எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லலாம் என்பர். மே மாதத்தில் எல்லா ஆசிரியரும் வெட்டுக் கட்சி. ஜூன் முதல் நாள் வகுப்பில் கொடுக்கும் தாளைப் பார்த்தால் எல்லோரும் அழுத்துக் கட்சி. இடையில் நடந்தது இதுதான்: ஒவ்வொரு தலைப்பையும் அடிக்கப் போகும்போது, 'இது தெரியாமல் ஒரு பிள்ளை பட்டம் வாங்கலாமா?' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பதினைந்து வாரப் பருவத்திலும் அந்தத் தலைப்பை யாரும் தெரிந்துகொள்ளவில்லை என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

1500 முதல் 2000 வரையிலான உலக வரலாறு என்னும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் வியாழன் வரை, ஐந்து வாரம், ஆக 20 வகுப்பு. 45 மணி கணக்காக வேண்டுமானால் ஒரு வகுப்பு 135 நிமிடம். ஐந்நூறு ஆண்டை இருபதால் வகுக்க, நாளொன்றுக்கு 25 ஆண்டு. நடுவே பத்து நிமிடம் இடைவேளை விட்டால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு காணாமல் போகும். 1789இன் பிரெஞ்சுப் புரட்சியும், 1804இல் ஹைத்தியை விடுதலை செய்த அடிமைகளின் எழுச்சியும் அடுத்தடுத்த நாளில் வந்து நிற்கும். ஜூன் 19, ஜூலை 4 ஆகிய அரசு விடுமுறைகளில் ஒன்று வகுப்பு நாளில் விழுந்தால் கால் நூற்றாண்டு நடக்கவேயில்லை என்று கொள்ள வேண்டும். ஒரு மாணவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் கண்டால் ஒன்றரை வாரப் பாடம் போயிற்று. முதல் உலகப் போரின்போது விட்டுப்போனவர் திரும்பி வரும்போது ஹிட்லர் இறந்திருப்பார்.

பவணந்தி முனிவர் இதையெல்லாம் முன்னரே கண்டிருக்கிறார். நன்னூலில் பத்து அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல்; பத்துக் குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டில்தான் கோடை ஆசிரியர் குடியிருக்கிறார். ஆசிரியராகத் தகாதவருக்குப் பவணந்தி காட்டும் உவமைகளுள் ஒன்று கழற்குடம். கழற்சிக்காய்களை ஒவ்வொன்றாக இட்ட குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறை மாறி எல்லாம் ஒருசேர வந்து விழும். ஐந்தாம் வாரத்து வகுப்பை இதைவிடச் சரியாக வருணித்தார் இல்லை. முப்பத்திரண்டு உத்திகளுள் 'பின்னர்ச் சொல்வோம்' என்பது ஒன்று, 'முன்னரே சொன்னோம்' என்பது ஒன்று. முதலாவது கோடையில் செல்லாது, ஏனெனில் பின்னர் என்பது இல்லை. இரண்டாவதை மாணவர் நம்புவதில்லை. கடைசி உத்தியாகிய உய்த்துணர வைப்பு மட்டும் நன்கு பயன்படும். அதை வீட்டுப்பாடம் என்றும் வழங்குவர்.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் நடக்கும் தெற்காசியக் கோடை மொழிப் பயிலகத்தில், தமிழ் உட்படப் பல மொழிகளில் ஓராண்டுப் பாடத்தை எட்டு வாரத்தில் கற்பிக்கிறார்களே, 247 எழுத்தும் அதற்குள் அடங்குகிறதே எனின், அற்றன்று. அங்கே வருபவர் அந்த எட்டு வாரமும் அந்த ஒரு மொழியோடே கிடப்பார், வேறு பாடமில்லை. மொழி அப்படி விடாமல் புழங்கினால் வரும். வரலாறும் தத்துவமும் இடையிடையே ஆறவிட்டால்தான் வரும். கணக்குக்கு இரண்டும் வேண்டும் என்பர். அத்துறைக்குள் யாம் புகவில்லை.

ஒன்று எஞ்சியது. போதிய மாணவர் சேராவிட்டால் வகுப்பை ரத்து செய்துவிடுவார்கள். தொடங்கும் வாரம்வரை அந்த ஆபத்து உண்டு. எனவே தயாரிப்பு இருவகைப்படும்: நடக்கப்போகும் வகுப்புக்கான தயாரிப்பு, நடக்காமற்போகும் வகுப்புக்கான தயாரிப்பு. இரண்டுக்கும் ஆகும் உழைப்பு ஒன்று. சம்பளத்தில் மட்டும் வேறுபாடு உண்டு. இரண்டில் எது சிறந்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. முதலாம் வகையைச் செய்துகொண்டிருப்போர் இரண்டாம் வகையே சிறந்தது என்றும், இரண்டாம் வகையைச் செய்து முடித்தோர் முதலாம் வகையே சிறந்தது என்றும் துணிவர்.

இத்துறையில் மேலாய்வு செய்ய விரும்புவோர் ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் எழுதுக. அதற்கு முன் விடைத்தாள் திருத்துகிறோம். அதற்குப் பின் இலையுதிர் பருவத்துக்குத் தயாராகிறோம்.